அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு எதைக் கொடுக்கலாம்? ஜிங்க், வைட்டமின் டி, தேன், லேகியம்: ஓர் ஒப்பீடு

பிளே ஸ்கூலில் சேர்த்த சில வாரங்களில் ஆரம்பிக்கிறது. மூக்கு ஒழுகுகிறது, இரவெல்லாம் இருமல், இரண்டு நாள் காய்ச்சல். ஒருவழியாகச் சரியாகி வீட்டில் எல்லோரும் தூங்கத் தொடங்கும்போது அடுத்தது வந்துவிடுகிறது. மூன்றாவது முறை டாக்டரிடம் போகும்போது பெற்றோர் கேட்டுவிடுகிறார்கள்: “எதிர்ப்பு சக்திக்கு ஏதாவது கொடுக்கலாமா டாக்டர்?”

பதில் எல்லாப் பக்கமிருந்தும் வரும். மருந்துக் கடைக்காரர் ஜிங்க் சிரப்பை எடுத்து வைப்பார். பாட்டி கற்பூரவள்ளிச் சாறு என்பார். டிவி விளம்பரம் லேகியம் என்று சொல்லும். அமெரிக்காவிலிருந்து வரும் சித்தி எல்டர்பெர்ரி என்ற மேல்நாட்டுப் பழம் சேர்த்த, மிட்டாய் போன்ற கம்மீஸ் டப்பாவோடு வருவார். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த எந்தத் தாய்க்கும், இனி இயற்கையானதையே கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் செடியிலிருந்து வந்ததும் அளவு மீறினால் கெடுதல்தான், அதையும் சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு ஒரு சத்து உண்மையிலேயே குறைவாக இருந்தால் அதை நிரப்புவது பலன் தரும். குறையே இல்லாத குழந்தைக்கு மேலும் மேலும் கொடுத்தால் பலன் மிகச் சொற்பம். கீழே ஒவ்வொன்றையும் அந்தக் கண்ணோடுதான் எடை போடுகிறேன்.

## உண்மையிலேயே இது அதிகமா?

ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வருடத்துக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது வழக்கமான கணக்குக்குள் வருகிறது. பிளே ஸ்கூல், அங்கன்வாடி போகும் குழந்தைக்கு 10, 12 முறைகூட வரலாம். சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200 வகைக்கும் மேல். ஒன்றைப் பார்த்து உடம்பு பழகியதும் வேறொன்று வருகிறது. ஒவ்வொரு சளியும் ஏழு முதல் பத்து நாள், இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் வரை இழுக்கும். எட்டுச் சளி, ஒவ்வொன்றும் இரண்டு வாரம் என்று போட்டாலே 16 வாரம் ஆகிவிடுகிறது. வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு “சளியாகவே இருக்கிறான்” என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

இடையில் குழந்தை நன்றாக விளையாடுகிறதா, எடை ஏறுகிறதா, காய்ச்சல் தானாகத் தணிகிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் எதிர்ப்பு சக்தி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்று. காய்ச்சலே இல்லாமல் காலையில் தும்மல், கண் அரிப்பு, மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருப்பது என்றால் அது அலர்ஜியாக இருக்கலாம். வாயைத் திறந்து தூங்குவதும் குறட்டையும் இருந்தால் அடினாய்டு, அதாவது மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை வீங்கியிருப்பது, காரணமாக இருக்கலாம். ஓடினால், சிரித்தால், நள்ளிரவில் இருமல் என்றால் ஆஸ்துமாவா என்று பார்க்க வேண்டும். இவற்றுக்கு எந்த டானிக்கும் பதில் சொல்லாது. வருடக்கணக்கில் லேகியம் கொடுத்தும் சரியாகாத இருமல், ஆஸ்துமா என்று கண்டுபிடித்து இன்ஹேலர் ஆரம்பித்ததும் அடங்குவது உண்டு. ஆகவே முதல் செலவு டாக்டர் ஃபீஸாக இருக்கட்டும், பாட்டில் அப்புறம்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

1. சளி வராமல் தடுக்கிறதா, வந்த சளியின் தொந்தரவைக் குறைக்கிறதா? இரண்டும் வேறு வேறு. தேனை வருடம் முழுக்கக் கொடுத்துவிட்டு ஏமாறுவது இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான்.
2. குழந்தைகளிடம் சோதித்திருக்கிறார்களா? பெரியவர்களிடம் கிடைத்த முடிவை அப்படியே குழந்தைக்குப் பொருத்த முடியாது.
3. இந்த வயதுக்குக் கொடுக்கலாமா? ஆறு மாதம், ஒரு வயது, ஐந்து வயது ஆகிய மூன்றும் முக்கியமான எல்லைகள்.
4. அளவு தெரியுமா? ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று சொல்லும் பாட்டிலும், “ஒரு ஸ்பூன்” என்று மட்டும் சொல்லும் டப்பாவும் ஒன்றல்ல.
5. மறைந்திருக்கும் செலவு என்ன? சர்க்கரை, கலப்படம், வேறு மருந்தோடு மோதல், சரியான சிகிச்சை தள்ளிப்போவது எல்லாம் இதில் சேரும்.

## வைட்டமின் டி

வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி குறைபாடா என்று கேட்பார்கள். இந்தியா முழுக்க 2016–18-இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 14 சதவீதத்தினருக்கும், 5 முதல் 9 வயதில் 18 சதவீதத்தினருக்கும் குறைபாடு இருந்தது. அபார்ட்மெண்ட், வேன், வகுப்பறை, மீண்டும் அபார்ட்மெண்ட் என்று நாள் போகும் குழந்தையின் தோலில் வெயில் படுவதே இல்லை. காலை ஏழு மணி இளவெயிலும் போதாது. வைட்டமின் டி-யை உண்டாக்கும் கதிர்கள் நம் ஊரில் முற்பகல் 11 முதல் பிற்பகல் 2 வரைதான் நன்றாகக் கிடைக்கின்றன.

சளிக்கு இது உதவுமா? உலகின் பல நாடுகளில் நடந்த 25 ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு அலசல், மூச்சுத் தொற்றுகள் ஓரளவு குறைவதாகச் சொன்னது. கடும் குறைபாடு இருந்தவர்கள் தினமும் அல்லது வாரந்தோறும் சிறு அளவு எடுத்தபோதுதான் நல்ல பலன். மொத்தமாகப் பெரிய டோஸ் கொடுத்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. புதிய ஆய்வுகளையும் சேர்த்து 2025-இல் கணக்கிட்டபோது, பொதுவாக எல்லோருக்கும் என்று பார்த்தால் அந்தப் பலன் உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. குறைபாடு உள்ள குழந்தைக்கு எப்படியும் எலும்புக்காகக் கொடுக்க வேண்டியதுதான், சளி குறைந்தால் அது கூடுதல் லாபம்.

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்லும் தினசரி அளவு: ஒரு வயது வரை 400 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு), அதற்கு மேல் 600 ஐ.யு.

மறைந்திருக்கும் ஆபத்து அளவில் இருக்கிறது. கடையில் ஒரு மில்லிக்கு 400 ஐ.யு. உள்ள சொட்டு மருந்தும் இருக்கிறது, 800 உள்ளதும் இருக்கிறது. பிராண்ட் மாறினால் அளவு இரட்டிப்பாகிவிடும். அதைவிடப் பெரிய கவலை பெரியவர்களுக்கான 60,000 ஐ.யு. சாஷே. வீட்டில் இருக்கிறதே என்று குழந்தைக்குக் கலக்கிக் கொடுக்கவே கூடாது. வைட்டமின் டி உடம்பில் தங்கும் ரகம். மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

எப்போது இது நல்ல தேர்வு: வெயிலே படாத குழந்தை, கால் வளைவு, பல் தாமதமாக முளைத்தது, இரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பரிசோதனை இல்லாமலே டாக்டர் எழுதிக் கொடுப்பார்.

## ஜிங்க் சிரப்

நம் நாட்டில் இதற்கு ஒரு உண்மையான தேவை இருக்கிறது. அதே தேசிய ஆய்வில் 1 முதல் 4 வயதில் 19 சதவீதக் குழந்தைகளுக்கு ஜிங்க் குறைவு. வங்கதேசம், இந்தியா, பெரு, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 2 மாதம் முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் சர்வதேச அமைப்பான காக்ரேன் குழு 2016-இல் தொகுத்தது. ஜிங்க் கொடுத்த குழந்தைகளுக்கு நிமோனியா சுமார் 13 சதவீதம் குறைந்திருந்தது. ஊட்டம் குறைந்த இடங்களில் இது சின்ன விஷயமில்லை.

சாதாரண மூக்கு ஒழுகும் சளி வேறு கதை. அதே குழுவின் 2024 தொகுப்பு, சளி வராமல் தடுப்பதில் ஜிங்க்கால் பலன் இல்லை அல்லது மிகக் குறைவு என்கிறது. வந்த சளி இரண்டு நாள் முன்னதாகச் சரியாகலாம், அதற்கும் ஆதாரம் வலுவாக இல்லை.

ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 3 மில்லிகிராம்தான். கடையில் கிடைக்கும் சிரப் பலவற்றில் 5 மில்லிக்கு 20 மில்லிகிராம் இருக்கிறது. அந்த அளவு வயிற்றுப்போக்குக்கு 14 நாள் கொடுக்க வகுக்கப்பட்டது. அதையே சளிக்கு என்று மாதக்கணக்கில் ஊற்றினால், உடம்பு தாமிரத்தை உறிஞ்சுவது குறைந்து, இரத்தசோகையும் வெள்ளணுக் குறைவும் வரலாம். எதிர்ப்பு சக்திக்குக் கொடுத்தது எதிர்ப்பு சக்தியையே குறைத்துவிடும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வேறு. இரும்புச் சத்து மருந்தோடு ஒரே நேரத்தில் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தடுக்கும். சில மணி நேர இடைவெளி விடுங்கள்.

எப்போது நல்ல தேர்வு: எடை ஏறாத, சாப்பாட்டில் முட்டை, கறி, பருப்பு எல்லாம் குறைவான, அடிக்கடி வயிற்றுப்போக்கும் வரும் குழந்தை. டாக்டர் சொல்லும் அளவில், முடிவு தேதியோடு. மற்ற குழந்தைகளுக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல், எள்ளுருண்டை, முட்டை, ஆட்டுக்கறி போதும்.

## வைட்டமின் சி, நெல்லிக்காய்

இதை நீட்ட வேண்டியதில்லை. தினமும் எடுத்துக்கொண்டால் குழந்தைகளின் சளி நாட்கள் ஏறக்குறைய 14 சதவீதம் குறைந்தன என்று 2013-இல் வந்த காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. ஏழு நாள் சளியில் அது ஒரு நாள். சளி வரும் எண்ணிக்கை குறையவில்லை. சளி பிடித்த பிறகு ஆரம்பித்தால் பலன் தெளிவாகத் தெரியவில்லை.

நான்கு வயதுக் குழந்தைக்குத் தேவை ஒரு நாளைக்கு 35 மில்லிகிராம். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல், பெரிய நெல்லியில் 250 அளவுக்கு இருக்கிறது. கால் கொய்யாப்பழம் கொடுத்தால் கணக்கு தீர்ந்தது. சப்பும் மாத்திரைக்குச் செலவழிக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. அது புளிப்பும் இனிப்புமாகப் பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

## புரோபயாடிக்

புரோபயாடிக் என்பது உடம்புக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிரி. பின்லாந்தில் பகல்நேரக் காப்பகக் குழந்தைகளுக்கு லாக்டோபசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி என்ற ரகம் சேர்த்த பாலை ஒரு குளிர்காலம் முழுக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001-இல் முடிவு வந்தது: மூச்சுத் தொற்றுகள் கொஞ்சம் குறைந்தன. அதன் பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022 காக்ரேன் தொகுப்பும், தொற்றும் ஆன்டிபயாடிக் பயன்பாடும் குறையலாம் என்கிறது. கூட்டமான காப்பகத்துக்குப் போகும் குழந்தைக்கு இது பரிசீலிக்கத் தக்கது.

சிக்கல் எங்கே என்றால், ஒவ்வொரு நுண்ணுயிரி ரகத்துக்கும் பலன் வேறு. ரகத்தின் முழுப் பெயரும், ஒரு டோஸில் எத்தனை கோடி என்பதும் லேபிளில் இல்லை என்றால் எதை வாங்குகிறோம் என்றே தெரியாது. நம் ஊரில் வயிற்றுப்போக்குக்கு எழுதிக் கொடுக்கும் சிறு புரோபயாடிக் குப்பி பலருக்கும் பழக்கம். அது இருக்கிறதே என்று இருமலுக்குக் கொடுப்பது வேறு கணக்கு. மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருப்பதால் செலவும் இந்தப் பட்டியலில் இதற்குத்தான் அதிகம். ஆன்டிபயாடிக் ஓடும் நாட்களில் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். குறைமாதக் குழந்தை, புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குழந்தை, ஸ்டீராய்டு மருந்து நீண்ட நாள் எடுக்கும் குழந்தை ஆகியோருக்குச் சொந்த முடிவில் கொடுக்கக் கூடாது.

வீட்டுத் தயிர் இந்த ஆய்வுகளில் சோதித்த ரகங்களுக்குச் சமம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நல்ல உணவு. சளி பிடித்திருக்கிறது என்று தயிரை நிறுத்தவும் தேவையில்லை. குளிரக் குளிர வேண்டாம், சாதாரணச் சூட்டில் கொடுங்கள்.

## தேன்

இரவு இருமலுக்கு, இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளிடம் நடந்த ஒரு ஆய்வில் (2007), படுப்பதற்கு அரை மணி நேரம் முன் ஒரே ஒரு முறை தேன் கொடுத்தபோது, ஒன்றும் கொடுக்காத பிள்ளைகளைவிட இருமல் குறைந்து நன்றாகத் தூங்கினார்கள். கடையில் விற்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இருமல் சிரப்புக்குத் தேன் எந்த வகையிலும் குறையவில்லை. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு அரை ஸ்பூன், பெரிய பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் போதும்.

ஆனால் தேன் சளியைத் தடுக்காது. வருடம் முழுக்கக் கொடுத்தால் சர்க்கரை மட்டும்தான் ஏறும்.

ஒரு வயதுக்குள் ஒரு சொட்டுகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் வித்துகள் பச்சிளம் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். குழந்தை துவண்டு, பால் குடிக்க முடியாமல், மூச்சே நிற்கும் நிலைக்குப் போகலாம். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பெரியவர்கள் மனம் நோகாமல், ஆனால் உறுதியாக, மறுத்துவிடுங்கள். முதல் சொட்டு தாயின் சீம்பாலாகவே இருக்கட்டும்.

கலப்படம் இன்னொரு கவலை. சந்தையில் இருந்த பல பிராண்டுத் தேன்கள் உயர்நிலைப் பரிசோதனையில் தேறவில்லை என்று டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்டது. சர்க்கரைப் பாகு கலந்ததைத் தண்ணீரில் விட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்த இடத்தில், சிறு பாட்டிலாக வாங்குங்கள்.

## வீட்டுக் கைமருந்து: துளசி, கற்பூரவள்ளி, தூதுவளை, ஆடாதோடை, மஞ்சள் பால்

இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தூதுவளை ரசம், கற்பூரவள்ளி பஜ்ஜி, மிளகு போட்ட பருப்பு ரசம், மஞ்சள் பால் எல்லாம் சாப்பாடு. சூடாக, காரமாக, தண்ணீராக உள்ளே போவதே தொண்டைக்கு இதம். ஒன்றரை இரண்டு வயதிலிருந்து குடும்பத்தோடு சேர்ந்து சாப்பிடலாம். தயங்க ஒன்றுமில்லை, செலவும் இல்லை.

அதே இலையை இடித்துச் சாறு பிழிந்தோ, சுண்டக் காய்ச்சியோ தினமும் சங்கில் புகட்டும்போது அது மருந்தாகிவிடுகிறது. ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்துதான் ஆங்கில மருத்துவத்தின் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து உருவானது. அவ்வளவு வீரியம் உள்ள இலைக்கு அளவு இல்லாமல் இருக்குமா? இரண்டு வயதுக் குழந்தைக்கு எத்தனை இலை, எத்தனை நாள் என்பதைக் கைப்பழக்கத்தில் முடிவு செய்யக் கூடாது. அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றிலும் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. பட்டம் பெற்ற சித்த மருத்துவரே பார்த்து, ஆடாதோடை மணப்பாகு வேண்டுமா, எவ்வளவு என்று இலவசமாகச் சொல்வார். நாட்டு மருந்துக் கடைக்குப் போகும் முன் அங்கே போகலாம். நிலவேம்புக் குடிநீரும் கபசுரக் குடிநீரும் டெங்கு, கொரோனா காலங்களில் வீடு வீடாகப் பழகிவிட்டன. அவை நோய்க்காலக் கஷாயங்கள். எல்.கே.ஜி. குழந்தைக்கு தினசரி டானிக்காகக் கொடுக்க வேண்டியவை அல்ல.

வசம்பு, ஜாதிக்காய் போன்றவற்றை உரைத்துப் பச்சிளம் குழந்தைக்குப் புகட்டும் உரை மருந்து தனியாகச் சொல்லப்பட வேண்டியது. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் விலங்குச் சோதனைகளில் புற்றுநோயை உண்டாக்கியது. ஜாதிக்காய் குழந்தையை மந்தமாக்கும், அந்த மயக்கத்தில் பால் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலும் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தும் தவிர எதுவும் வேண்டாம்.

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கித் தங்கி, எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காத ஒரு வகை நிமோனியாவை உண்டாக்குகிறது. “அடிக்கடி நெஞ்சுச் சளி” என்று அலையும் சில குழந்தைகளுக்குக் காரணமே இதுதான். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுவதும் சிறு குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கலாம்.

## லேகியம்

நெல்லிக்காய் லேகியம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள், பெற்றோருக்கும் ஒரு திருப்தி. ஆனால் டப்பாவைத் திருப்பிப் படித்தால் சர்க்கரை முன்வரிசையில் நிற்கும். நெல்லியைக் கிளறிக் காய்ச்சும்போது வைட்டமின் சி-யில் ஒரு பங்கு போய்விடுகிறது. குழந்தைகளிடம் சளியைக் குறைக்கிறது என்பதற்கு, மேலே ஜிங்க்குக்கோ புரோபயாடிக்குக்கோ இருக்கும் அளவு ஆதாரம் இதற்கு இல்லை.

பெரிய கவலை உலோகங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. எல்லா லேகியமும் அப்படி என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைத் திரும்பப் பெற முடியாதபடி பாதிக்கும் என்பதால், உரிம எண், தயாரிப்புத் தேதி, உட்பொருள் பட்டியல் இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம். உலோகங்களையும் தாதுக்களையும் புடம் போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் சேர்ந்தவை பட்டம் பெற்ற மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் குழந்தைக்குக் கூடாது.

எப்போது சரி: மூன்று வயது தாண்டிய, இனிப்புக் குறைவாகச் சாப்பிடும் குழந்தைக்கு, விருப்பத்துக்காக, சிறு அளவில். சளி மருந்து என்று நம்பி அல்ல.

## எக்கினேசியா, எல்டர்பெர்ரி, கம்மீஸ்

எக்கினேசியா என்ற மேல்நாட்டு மூலிகை பற்றி முடிவு தெளிவு. அமெரிக்காவில் 2 முதல் 11 வயது வரையிலான 407 குழந்தைகளிடம் நடந்து 2003-இல் வந்த ஆய்வில் சளி குறையவில்லை, தோல் தடிப்புதான் கூடியது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் 12 வயதுக்குட்பட்டோருக்கு வேண்டாம் என்று அறிவித்தது. எல்டர்பெர்ரிக்குக் குழந்தைகளிடம் போதிய சோதனை இல்லை. எந்தச் சத்தாக இருந்தாலும் கம்மீஸ் வடிவம் எனக்குப் பயமாக இருக்கிறது. மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை டப்பாவையே காலி செய்யும். எட்டாத உயரத்தில் வைக்க முடியாத வீட்டில் அது இருக்கவே கூடாது.

## ஒரே பார்வையில்

| தேர்வு | தடுக்குமா? | தொந்தரவு குறையுமா? | வயது எல்லை | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| வைட்டமின் டி | குறைபாடு இருந்தால் ஓரளவு | இல்லை | பிறந்ததிலிருந்து, டாக்டர் சொல்படி | பிராண்டுக்குப் பிராண்ட் அளவு மாறும் |
| ஜிங்க் | ஊட்டக்குறைவில் நிமோனியாவை ஓரளவு | சளி கொஞ்சம் சுருங்கலாம் | டாக்டர் சொல்படி | வாந்தி, நீண்ட நாளில் தாமிரக் குறைவு |
| வைட்டமின் சி | இல்லை | தினமும் எடுத்தால் சிறிது | பழமாக, இணை உணவு தொடங்கியதும் | மாத்திரையில் சர்க்கரை, புளிப்பு |
| புரோபயாடிக் | ஓரளவு | ஓரளவு | டாக்டரிடம் கேட்டு | மாதக்கணக்கில் பணம், ரகக் குழப்பம் |
| தேன் | இல்லை | இரவு இருமலுக்கு நன்றாக | ஒரு வயதுக்கு மேல் மட்டும் | கலப்படம், சர்க்கரை |
| கைமருந்து (உணவாக) | தெரியவில்லை | இதம் தரும் | இரண்டு வயதை ஒட்டி | சாறு, கஷாயம் ஆனால் அளவுச் சிக்கல் |
| லேகியம் | ஆதாரம் போதாது | ஆதாரம் போதாது | மூன்று வயதுக்கு மேல் | சர்க்கரை, உலோகக் கலப்பு அபாயம் |
| எக்கினேசியா | இல்லை | இல்லை | 12 வயதுக்குக் கீழ் வேண்டாம் | தோல் தடிப்பு |

இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். மல்டிவைட்டமின், தனி ஜிங்க், சத்துமாவு பானம் மூன்றின் லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜிங்க்கையும் வைட்டமின் டி-யையும் கூட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அளவு மீறுவது இந்தக் கூட்டலில்தான்.

## பாட்டில் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

இந்தப் பட்டியலில் உள்ள எதையும்விட அதிகம் தடுப்பவை வேறு இடத்தில் இருக்கின்றன. நிமோனியாவை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கஸ் தடுப்பூசி தமிழ்நாட்டில் 2021 முதல் அரசு மையங்களில் இலவசம். ஆறு வாரம், 14 வாரம், ஒன்பது மாதம் என்று மூன்று தவணை. அட்டையை எடுத்துப் பாருங்கள். ஃப்ளூ ஊசி அரசுத் திட்டத்தில் இல்லை, தனியாகப் பணம் கொடுத்துப் போட வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வருடா வருடம் போடக் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரு வருட லேகியச் செலவை இதற்குத் திருப்பிவிட்டால் என்னைப் பொறுத்தவரை நல்ல முடிவு.

அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைப்பவற்றையும் விடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ, வாரம் இரண்டு முறை இரும்புச் சத்து சிரப், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பூச்சி மாத்திரை. தேசிய ஆய்வில் 1 முதல் 4 வயதில் 41 சதவீதக் குழந்தைகளுக்கு இரத்தசோகை இருந்தது. ஜிங்க் தேடும் முன் ஹீமோகுளோபின் பார்ப்பதுதான் முறை.

அடுத்தது புகை. மூடிய அறையில் எரியும் ஒரு கொசுவர்த்திச் சுருள் விடும் நுண்தூசி, 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று ஒரு ஆய்வு கணக்கிட்டது. குளிப்பாட்டியதும் குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவது, விறகடுப்புப் பக்கத்தில் தொட்டில், வீட்டுக்குள் சிகரெட், எல்லாம் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிச் சளிக்கு வழி திறந்துவிடுகின்றன. கொசுவலைக்கு மாறுங்கள்.

## உங்கள் குழந்தைக்கு எது?

எடை நன்றாக ஏறுகிறது, எல்லாம் சாப்பிடுகிறது, பள்ளி ஆரம்பித்ததும் சளி ஆரம்பித்தது என்றால் எந்தச் சத்து மருந்தும் வேண்டாம். தடுப்பூசி, கொய்யா, இரவு இருமலுக்குத் தேன், கைகழுவுதல். காலமும் உங்கள் பக்கம் இருக்கிறது. ஐந்தாறு வயதில் எண்ணிக்கை குறைந்துவிடும்.

வெளியே விளையாடவே போகாத குழந்தை என்றால் வைட்டமின் டி. எடை தேங்கிய, சாப்பாட்டில் அடம்பிடிக்கும் குழந்தை என்றால் இரத்தப் பரிசோதனை, அதன்படி இரும்போ ஜிங்க்கோ. கூட்டமான காப்பகம், மாதம் ஒரு ஆன்டிபயாடிக் என்று ஓடுகிறது, செலவழிக்கவும் முடியும் என்றால் ரகம் தெரிந்த புரோபயாடிக் ஒன்றை மூன்று மாதம் பார்க்கலாம்.

எதைத் தொடங்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். காலண்டரில் காய்ச்சல் வந்த நாள், பள்ளி போகாத நாள், ஆன்டிபயாடிக் எடுத்த நாள் மூன்றையும் குறித்து வையுங்கள். மழைக்காலம் முடிந்து சளி தானாகக் குறையும் மாதத்தில் ஆரம்பித்தால் எந்த டானிக்கும் வேலை செய்தது போலத்தான் தெரியும். போன வருடம் அதே மாதங்களில் எப்படி இருந்தது என்பதோடு ஒப்பிடுங்கள். மூன்று மாதத்தில் வித்தியாசம் இல்லையென்றால் அடுத்த பாட்டில் வாங்காதீர்கள்.

## எதையும் கொடுத்துப் பார்க்காமல் உடனே போக வேண்டியவை

மூச்சு வேகமாக இருந்தால் சட்டையைக் கழற்றி ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40, இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம். விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளிழுத்தால், உதடு நீலமானால், பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால் அந்த இரவிலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, நான்கு முறையோ அதற்கு மேலோ காதில் சீழ், இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் எடுத்தும் தேறாதது, ஆழமான கட்டிகள் திரும்பத் திரும்ப வருவது, ஒரு வயதுக்கு மேலும் வாயில் போகாத வெண்படலம், குடும்பத்தில் சிறு வயதிலேயே தொற்றால் இறந்த குழந்தை: இவற்றில் ஏதேனும் இருந்தால் பிறவி எதிர்ப்பாற்றல் குறைபாடு உண்டா என்று சோதிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைவு, வீட்டில் யாருக்காவது காசநோய் என்றால் அதற்கான பரிசோதனை. சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையும், மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவும் இதற்குச் சரியான இடங்கள். போகும்போது தடுப்பூசி அட்டையோடு, வீட்டில் கொடுத்துவரும் எல்லா பாட்டிலையும், லேகிய டப்பாவையும், கஷாயப் பொடியையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். அந்தப் பையைப் பார்த்தால்தான் டாக்டர் சரியான அளவை எழுத முடியும்.